பயனைச் சொல்லாமல் கொடுத்த கனி

குர்குமின் மாத்திரைப் புட்டிகளின் மேலட்டையில் பெரும்பாலும் மூன்று சங்கதிகள் அடுத்தடுத்து இருக்கும். வெட்டிவைத்த மஞ்சள் கிழங்கின் படம், பழமையைக் குறிக்க ஓர் ஓலைச்சுவடியோ கல்வமோ, அதற்குக் கீழே ஆய்வுகளில் நிரூபணமானது என்று ஒரு வரி. மூட்டுவலி, மறதி, இதய அடைப்பு என்று வயதோடு வரும் அத்தனை உபாதைகளுக்கும் சேர்த்து ஒரே வாக்குறுதி. இது இயற்கை, ஆகவே தீங்கில்லை என்கிறது கிழங்கு. முன்னோர் சொன்னது, ஆகவே பொய்யில்லை என்கிறது ஓலை. விஞ்ஞானமும் ஒப்புக்கொண்டது, ஆகவே கேள்வியில்லை என்கிறது கடைசி வரி. மூன்றும் மூன்று வகைச் சான்றுகள். ஒன்றின் ஓட்டையை இன்னொன்று அடைக்கும்படி அவை அடுக்கப்பட்டிருக்கின்றன. வாங்குகிறவர் அறுபதைத் தாண்டியவர், அல்லது அப்படி ஒருவரை வீட்டில் வைத்திருப்பவர். அவருடைய அச்சமும் அன்பும் அந்த அட்டைக்குத் தெரியும். ஆனால் எந்தச் சான்று எந்தக் கேள்விக்குச் செல்லும் என்பதை அட்டை சொல்லாது. அதைக் கேட்பது தத்துவத்தின் வேலை, நம் மரபில் மிகப் பழைய வேலையும்கூட.

13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் செய்த சிவஞான சித்தியார், இறைவனைப் பற்றிப் பேசத் தொடங்குமுன் அறியும் கருவியான அளவையைப் பற்றிப் பேசுகிறது. அளவைகள் ஆறு என்பாரும் அதற்கு மேல் என்பாரும் உண்டு, ஆனால் எல்லாம் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றுக்குள் அடங்கிவிடும் என்பது அதன் முடிவு. அளவை என்ற சொல்லே அழகானது. மரக்காலால் துணியை அளக்க முடியாது, முழக்கோலால் நெல்லை அளக்க முடியாது. பொருளுக்குத் தக்கபடிதான் கருவி. வேதத்தின் அதிகாரத்தை உயர்த்திப் பிடித்த ஆதிசங்கரரே தம் கீதை உரையின் கடைசி அத்தியாயத்தில், நூறு மறைகள் கூடி நின்று நெருப்பு குளிர்ந்தது என்று சொன்னாலும் அது செல்லாது என்கிறார். கண்ணாலும் கையாலும் அறியக்கூடியதை நிறுவுவது மறையின் வேலையே இல்லை என்பது அதன் பொருள். இந்த எல்லைக்கோட்டை முதுமை நோய்களுக்குச் செடியில் மருந்து தேடும் முயற்சிமேல் வைத்துப் பார்க்கலாம். ஒரு செடிச்சத்து மூட்டு வீக்கத்தைக் குறைக்கிறதா, மறதியைத் தள்ளிப்போடுகிறதா என்பது காட்சிக்கும் கருதலுக்கும் உரிய கேள்வி. நீண்ட வாழ்வு எதற்கு, முதலில் யாருக்கு, எதை விலையாகக் கொடுத்து என்பவை அந்த வகைக் கேள்விகள் இல்லை. இரண்டையும் ஒன்றாகக் கலக்கும்போது மருந்தும் கெடுகிறது, சமயமும் கெடுகிறது.

இது மேற்கிலிருந்து இறக்குமதியான எல்லைக்கோடு என்று யாரும் சொல்ல முடியாது. சரக சங்கிதையே அறிவின் வழிகளாக நான்கைச் சொல்கிறது: ஆன்றோர் உரை, காட்சி, அனுமானம், யுக்தி. பல காரணங்கள் கூடி ஒரு விளைவைத் தருவதைப் பிரித்தறியும் புத்திக்கு அங்கே யுக்தி என்று பெயர். மழை, உழவு, விதை, பருவம் எல்லாம் கூடினால்தான் பயிர் என்று அறிவது போன்றது அது. மருத்துவம் எழுத வந்தவர்கள், ஆன்றோர் உரை ஒன்றே போதும் என்று நிறுத்திக்கொள்ளவில்லை. இத்தனைக்கும் அந்நூலின் சிகிச்சைப் பகுதி தொடங்குவதே நோய்களில் இல்லை, மூப்பைத் தள்ளிப்போடும் ரசாயனத்தில்தான். நெல்லியும் கடுக்காயும் அங்கே முதல் வரிசையில் நிற்கின்றன. நம் சித்த மருத்துவம் அதையே காயகற்பம் என்கிறது. ஆக, செடியைக் கொண்டு மூப்பை எதிர்கொள்ளும் ஆசை நமக்குப் புதிதில்லை. அந்த ஆசை நிறைவேறியதா என்பதை எப்படி அறிவது என்ற கேள்வியும் புதிதில்லை. அட்டைகள் அந்த இரண்டாவது கேள்வியை மட்டும் மறந்துவிட்டன.

செடியில் மருந்து இருக்கிறது என்பதில் ஐயமில்லை. பனி முழுதும் உருகுமுன்பே தலைகாட்டும் ஸ்னோடிராப் என்ற சிறு வெள்ளைப் பூச்செடி கிழக்கு ஐரோப்பாவில் உண்டு. அந்த இனத்துச் செடிகளிலிருந்து கிடைத்த காலன்டமின் என்ற சத்தை 1950களில் சோவியத், பல்கேரிய ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். பல்கேரியாவில் திமிதர் பாஸ்கோவ் அதை நிவாலின் என்ற மருந்தாக்கினார். முதலில் நரம்பும் தசையும் தளர்ந்தவர்களுக்குத் தந்தார்கள். 2001இல் அமெரிக்கா அதை அல்சைமர் நோய்க்கு அனுமதித்தது. நரம்புகள் ஒன்றோடொன்று பேசப் பயன்படுத்தும் அசிட்டைல்கோலினை உடைக்கும் நொதி ஒன்று மூளையில் இருக்கிறது. காலன்டமின் அந்த நொதியைச் சற்று அடக்குகிறது. நோயாளியின் நினைவும் அன்றாடச் செயல்களும் சில காலம் கொஞ்சம் தேறுகின்றன. நோய் நிற்பதில்லை. லேசான மறதி மட்டுமே உள்ளவர்களுக்குத் தந்து பார்த்த சோதனைகளில் மருந்து உண்டவர்களிடையே இறப்பு கூடுதலாகத் தெரிந்தது, 2005இல் எச்சரிக்கையும் வந்தது. ஒரு செடியின் கொடை என்றால் அது இப்படித்தான் இருக்கும். உண்மையானது, அளவானது, ஒருவருக்கு ஆவது மற்றவருக்கு ஆகாமலும் போகக்கூடியது.

ஆனால் செடியில் மருந்து இருக்கிறது என்பது வேறு, செடி நமக்காக மருந்து வைத்திருக்கிறது என்பது வேறு. இரண்டாவது நம்பிக்கை பக்தியைப் போலத் தோன்றும். கடவுள் ஒவ்வொரு மூலிகையிலும் அதன் பயனைக் குறிக்கும் முத்திரையை இட்டிருக்கிறார் என்று ஐரோப்பாவில் நம்பினார்கள். 17ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய ஞானி யாக்கோப் பொமே அந்தத் தலைப்பிலேயே நூல் எழுதினார். அக்ரூட் பருப்பு மூளையைப் போல் மடிந்திருக்கிறது, ஆகவே மூளைக்கு நல்லது என்னும் பேச்சு இன்றும் நம் கைபேசிகளில் உலவுவது அதன் எச்சம்தான். செடியின் பக்கமிருந்து பார்த்தால் கதை வேறு. காலன்டமின் அடக்கும் அதே நொதியைத்தான் நரம்பு நச்சுவாயுக்களும் தாக்குகின்றன; ஒன்று மெல்லப் பிடித்து விடுகிறது, மற்றது பிடித்தால் விடாது என்பதே வேறுபாடு. திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ரால், பூஞ்சை தாக்கும்போது செடி தன்னைக் காத்துக்கொள்ளச் சுரப்பது. சர்க்கரை நோய்க்கு உலகமே விழுங்கும் மெட்ஃபார்மினுக்கு வழிகாட்டியது காலிகா என்ற ஐரோப்பியச் செடியின் சத்து. அந்தச் செடி மேய்கிற ஆடுகளைக் கொல்லும். அந்தச் சத்தின் வடிவத்தைப் பார்த்து, அதைவிடத் தீங்கு குறைந்த உறவுப் பொருளை ஆய்வுக்கூடத்தில் செய்து, 1957இல் ழான் ஸ்டெர்ன் அதை நோயாளிகளிடம் பயன்படுத்திய முடிவுகளை வெளியிட்டார். அசையமுடியாத உயிர் தன் எதிரியை விரட்ட வைத்திருக்கும் ஆயுதக் கிடங்கிலிருந்து நாம் ஒன்றிரண்டை எடுத்து, முனை மழுக்கி, நமக்குப் பயன்படுத்திக்கொள்கிறோம். இதில் அருள் இல்லை என்று நான் சொல்லவில்லை. அருளைத் தேடவேண்டிய இடம் இலை இல்லை, முனை மழுக்கிய அந்தக் கவனத்தில்தான் அதைத் தேடவேண்டும் என்கிறேன்.

இயற்கை என்ற சொல் ஒரு சான்றாகாது என்பதற்கு ஒரு பாலைவனப் புதரைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. அமெரிக்காவின் தேசிய முதுமை ஆய்வு நிறுவனம் ஆயுளை நீட்டும் என்று சொல்லப்படும் பொருள்களைச் சோதிக்க ஒரு திட்டம் வைத்திருக்கிறது. ஒரே பொருளை மெய்ன், மிச்சிகன், டெக்சாஸ் மாநிலங்களில் உள்ள மூன்று கூடங்களில், ஒரே சமயத்தில், பலவகை மரபணுக் கலப்புள்ள எலிகளுக்குத் தந்து பார்ப்பார்கள். ஒரு கூடத்தில் தற்செயலாகக் கிடைத்த நல்ல முடிவு மற்ற இரண்டில் அம்பலமாகிவிடும். மஞ்சளின் குர்குமின், பச்சைத் தேயிலைச் சாறு, திராட்சையின் ரெஸ்வெரட்ரால் மூன்றும் அங்கே தோற்றன. எலிகளின் ஆயுள் கூடவில்லை. 2008இல் வெளியான முடிவில் ஒரு செடிச்சத்து வென்றது. அமெரிக்கப் பாலைவனங்களில் வளரும் கிரியோசோட் புதரிலிருந்து எடுப்பது அது. ஆண் எலிகளின் ஆயுளைக் கூட்டியது, பெண் எலிகளிடம் பலிக்கவில்லை. அதே புதரின் இலையைச் சாப்பரல் என்ற பெயரில் தேநீராகவும் மாத்திரையாகவும் உட்கொண்ட மனிதர்களுக்குக் கல்லீரல் கெட்டதால் 1992இல் அமெரிக்க அரசு எச்சரிக்கை விட்டிருந்தது. எலிக்கு ஆயுள், மனிதனுக்கு ஈரல் நோய். இரண்டும் ஒரே புதர், இரண்டும் இயற்கை.

மஞ்சளையே எடுத்துக்கொள்வோம், நம் அடுக்களையில் அதற்கு உள்ள இடத்தை எந்த ஆய்வும் பறிக்கப்போவதில்லை. கிழங்கின் எடையில் குர்குமின் சுமார் 3 விழுக்காடு. அந்தச் சத்தை முதன்முதலில் பிரித்தது 1815இல். 1998இல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஆட்களுக்கு 2 கிராம் குர்குமின் தந்து இரத்தத்தைப் பார்த்தார்கள். கண்டுபிடிக்க முடியாத அளவோ மிகச் சொற்பமோதான் இருந்தது. 20 மில்லிகிராம் மிளகுச் சத்தைச் சேர்த்ததும் உடல் ஏற்கும் அளவு இருபது மடங்கு கூடியது. குர்குமினுக்கு இன்னொரு குணமும் உண்டு. மஞ்சளாக ஒளிரும், பார்த்த புரதத்தோடெல்லாம் ஒட்டும். சோதனைக்குழாயில் அது மருந்தாக வேலை செய்யாமலே வேலை செய்ததுபோலத் தோற்றம் காட்டிவிடும். 2017இல் மருந்து வேதியியலாளர்கள் சிலர் அதுவரையிலான ஆய்வுகளை எல்லாம் தொகுத்துப் பார்த்தார்கள். மனிதர்களிடம் 120க்கு மேற்பட்ட சோதனைகள் நடந்திருந்தும், தருபவருக்கும் பெறுபவருக்கும் எது மருந்து எது வெற்று மாத்திரை என்று தெரியாதபடி நடத்திய எதிலும் அது வென்றதாகச் சொல்ல முடியவில்லை என்று எழுதினார்கள். அல்சைமர் நோயாளிகளிடம் 24 வாரம் தந்து பார்த்த ஒரு சோதனை பலன் காட்டவில்லை. பிறகு 2018இல், நோயில்லாத 40 பேரிடம் 18 மாதம் நடந்த ஒரு சிறு ஆய்வு நினைவாற்றல் கூடியதாகச் சொன்னது. அதையும் சேர்த்தே சொல்லவேண்டும், சிறியது என்பதையும் சேர்த்தே. மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் வீங்கிய பத்துப் பேரைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் 2022இல் எழுதியதையும் விடமுடியாது. உடல் அதிகம் ஏற்கட்டும் என்று மிளகுச் சத்தைச் சேர்த்த மாத்திரைகளும் அவற்றில் இருந்தன. கறியில் ஒரு சிட்டிகை என்பது வேறு, மாத்திரையில் நூற்றுக்கணக்கான மில்லிகிராம் என்பது வேறு. முதலாவதன் நற்பெயரில் இரண்டாவது விற்கப்படுகிறது.

இங்கே முதல் மறுப்பு எழும். ஆயிரமாண்டாக மக்கள் உண்டு பார்த்ததே காட்சிதானே, தலைமுறை தலைமுறையாக நடந்த சோதனைதானே என்பார்கள். இதில் பாதி உண்மை. காய்ச்சல் இறங்கியதா, புண் ஆறியதா, உண்டவன் வாந்தி எடுத்தானா என்பதை எல்லாம் நீண்ட பழக்கம் துல்லியமாக அறியும். காரணமும் விளைவும் சில மணி, சில நாள் இடைவெளியில் நிற்பவை அவை. முதுமை நோய்கள் அப்படியில்லை. அவை இருபது முப்பது ஆண்டுகள் ஓசையில்லாமல் வளர்பவை. கஷாயம் குடித்த பாட்டி தொண்ணூறு வரை வாழ்ந்தாள் என்பது நமக்குத் தெரியும். குடித்தும் அறுபதில் போனவளைக் கணக்கில் வைப்பவர் இல்லை, குடிக்காமலே தொண்ணூறைக் கண்டவளைக் கேட்பவரும் இல்லை. இந்த ஓட்டையின் விலை என்ன என்பதை ஒரு செடி காட்டியது. அரிஸ்டலோகியா இனத்துச் செடிகளைக் கிரேக்கர்கள் காலம் முதல் பேறுகாலத்துக்குக் கொடுத்துவந்தார்கள். அதன் பூ கருப்பையின் வடிவில் இருப்பதைக் கடவுளிட்ட முத்திரை என்று படித்தார்கள். நம்மிடையே அதன் ஓரினம் ஆடுதீண்டாப்பாளை, மற்றொன்றின் பெயரே பெருமருந்து. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மூலிகை மாத்திரை உண்ட பெண்களின் சிறுநீரகங்கள் அடுத்தடுத்துச் செயலிழந்தன. வேறொரு சீன மூலிகைக்குப் பதில் இந்த இனத்துச் செடி கலந்துவிட்டிருந்தது. பின்னர் அவர்களில் பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் கண்டது. இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம் இதைக் கண்டுபிடிக்கவில்லை. மெதுவாகக் கொல்வதை வாழையடி வாழையாக வந்த அனுபவமும் காணாது. ஆடு தீண்டாது என்று பெயர் வைத்தவர் கண்ணால் கண்டதைச் சொன்னார். பெருமருந்து என்று பெயர் வைத்தவர் காணாததையும் சேர்த்துச் சொல்லிவிட்டார்.

இரண்டாவது மறுப்பு இன்னும் நுட்பமானது. செடியை அதன் முழுமையில் பார்க்காமல் ஒரு சத்தை மட்டும் உருவி எடுத்து, எலிக்குக் கொடுத்து, தோற்றது என்று தீர்ப்பெழுதுவது மரபை அளப்பதாகுமா? மரபு சொன்னது மருந்தோடு அனுபானம், பத்தியம், பருவம், உண்பவனின் தேகவாகு எல்லாவற்றையும் சேர்த்துத்தான். இந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. மஞ்சளும் மிளகும் சேர்ந்தால் நடப்பது மஞ்சளில் தனியே நடக்கவில்லை என்பதை அந்தப் பெங்களூர்ச் சோதனையே காட்டுகிறது. ஆனால் இதன் முடிவு, சோதிக்காதே என்பதாக இருக்கமுடியாது. முழுமையையே சோதி என்பதாகத்தான் இருக்கமுடியும். கஷாயத்தைப் பத்தியத்தோடு ஒரு கூட்டத்துக்கும், அதே நிறமும் கசப்பும் உள்ள வெறும் நீரை அதே பத்தியத்தோடு இன்னொரு கூட்டத்துக்கும் கொடுத்துப் பார்க்கலாம், தடையில்லை. பலித்தால் மருந்தின் மகிமை, பலிக்காவிட்டால் பத்தியம் தவறியது என்று எப்போதும் தப்பிக்கொள்ளும் கூற்றுக்குத் தோல்வியே கிடையாது. தோல்வியே இல்லாத கூற்றுக்கு வெற்றி என்று ஒன்று எப்படி இருக்கும்? உரையை மதிப்பது எப்படி என்பதற்குச் சீனாவின் டு யூயூ சான்று. மலேரியாவுக்கு மருந்து தேடியவர், 4ஆம் நூற்றாண்டு மருத்துவர் கோ ஹொங்கின் நூலில் ஒரு மூலிகையைக் காய்ச்சாமல் நீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருப்பதைப் படித்தார். சூடு சத்தை அழிக்கிறதோ என்று கருதினார். குறைந்த வெப்பத்தில் பிரித்துப் பார்த்தார், பிறகு தாமே உண்டு பார்த்தார். உரை வழி காட்டியது, கருதல் நடந்தது, காட்சி முடிவு சொன்னது. 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது கோ ஹொங்கின் பெயரும் உலகமெங்கும் ஒலித்தது. நூலைப் பூசையறையில் வைத்திருந்தால் அது நடந்திருக்காது.

மூன்றாவதாக, விஞ்ஞானம் மட்டும் யோக்கியமா என்று கேட்கலாம். கேட்கவே வேண்டும். 2003இல் ரெஸ்வெரட்ரால் ஈஸ்ட்டின் ஆயுளை நீட்டுகிறது என்று ஒரு கட்டுரை வந்தது. சிவப்பு ஒயினில் சாகாமருந்து என்று நாளிதழ்கள் எழுதின. அந்த வழியில் மருந்து செய்யத் தொடங்கிய சர்ட்ரிஸ் நிறுவனத்தை 2008இல் கிளாக்ஸோஸ்மித்க்ளைன் 72 கோடி டாலருக்கு வாங்கியது. பத்து ஆண்டுக்குள் காற்று இறங்கிவிட்டது. சத்து நேரடியாக ஒரு புரதத்தைத் தூண்டித்தான் ஆயுளை நீட்டுகிறது என்பதே சோதனை முறையின் மயக்கமோ என்று வேறு ஆய்வாளர்கள் கேட்டார்கள். ரெஸ்வெரட்ரால் பற்றி நிறைய எழுதிய ஓர் ஆய்வாளர் தரவுகளைப் புனைந்ததை அவருடைய பல்கலைக்கழகமே 145 இடங்களில் கண்டறிந்து 2012இல் அறிவித்தது. இத்தாலியில் கியாந்தி ஒயின் விளையும் வட்டாரத்திலேயே 65 வயதைக் கடந்த 783 பேரின் சிறுநீரில் இந்தச் சத்தின் தடயத்தை அளந்து, ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். அதிகம் உட்கொண்டவருக்கும் குறைவாக உட்கொண்டவருக்கும் சாவில் வித்தியாசமில்லை என்று 2014இல் சொன்னார்கள். ஆய்வுக்கூடமும் ஏமாறும், ஏமாற்றவும் செய்யும். ஆனால் இங்கே பொய்யைப் பிடித்தது எது? அதே அளவைதான். நவீன மருத்துவத்தின் சொந்தப் பிள்ளையான ஆஸ்பிரினையும் அது விட்டுவைக்கவில்லை. வில்லோ மரப்பட்டையில் வேர்கொண்ட அந்த மருந்தை, இதய நோயில்லாத முதியவர்களும் தினம் ஒன்று போட்டுக்கொள்வது நல்லது என்ற எண்ணம் பரவியிருந்தது. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,114 முதியவர்களிடம் நடந்த சோதனை 2018இல் முடிவு சொன்னது: ஊனமற்ற ஆயுள் கூடவில்லை, இரத்தப்போக்கு கூடியது. தன் பிள்ளையையே தட்டிக்கேட்கும் அளவையை, நம் பாட்டியின் மருந்தைத் தட்டிக்கேட்கிறது என்பதற்காக மட்டும் பகையாகப் பார்ப்பது நியாயமில்லை.

இதுவரை ஒரு பக்கத்து எல்லைமீறலைப் பேசினோம். மறுபக்கத்து மீறல் இதைவிட நாகரிகமாக நடக்கிறது, அதனால் கண்ணுக்குத் தெரிவதில்லை. மூப்பே ஒரு நோய், அதைக் குணப்படுத்த வேண்டும் என்ற பேச்சு இன்று ஆய்வு உலகில் ஓங்கி ஒலிக்கிறது. கேட்பதற்கு இது ஓர் ஆய்வு முடிவு போல இருக்கும். உண்மையில் எந்த நுண்ணோக்கியும் இதைக் கண்டதில்லை. உயிரணு பிரிவது குறைகிறது என்பதைக் காணலாம். அது குறை என்பதை யார் கண்டார்? உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11வது பதிப்பில் முதுமை என்றே ஒரு தலைப்பை வைக்க நினைத்தார்கள். முதியோர் அமைப்புகளும் மருத்துவர்களும் எதிர்த்தார்கள். கிழவரின் சாவுக்கு முதுமை என்று எழுதிவிட்டால் அவருடைய உண்மையான நோயை யாரும் தேடமாட்டார்கள் என்றார்கள். 2022இல் பட்டியல் நடைமுறைக்கு வந்தபோது அத்தலைப்பு போய், வயதோடு உள்ளார்ந்த ஆற்றல் குறைவது என்று பொருள்படும் தலைப்பு வந்திருந்தது. ஒரே உடல் நிலை, பெயர் மட்டும் மாறியது. மாற்றியது ஆய்வுத் தரவு இல்லை, மனிதரை எப்படி நடத்தவேண்டும் என்ற கவலை. மூப்பு நோயா, பருவமா என்பது அளந்து சொல்லும் விஷயமில்லை, மதிப்பிட்டுச் சொல்லும் விஷயம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இந்த மதிப்பீட்டில்தான் சமயங்களுக்கும் பழங்கதைகளுக்கும் சொல்ல இருக்கிறது. பாரதத்தின் யயாதி, சாபத்தால் வந்த மூப்பை மகன் பூருவின் தலையில் ஏற்றிவிட்டு அவன் இளமையை வாங்கி ஆயிரம் ஆண்டு அனுபவித்தான். ஆசை தணியவில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தான். அக்கதையில் மருந்து தோற்கவில்லை, முழுதாகப் பலித்தது. பலித்த பிறகு என்ன என்பதே கதை. கூடவே, ஒருவரின் இளமைக்கு இன்னொருவர் விலை கொடுக்கிறார் என்பதையும் அது மறைக்கவில்லை. கடோபநிடதத்தில் எமன் நீண்ட ஆயுளைத் தட்டில் வைத்து நீட்டுகிறான். எவ்வளவு நீண்டாலும் அது கொஞ்சமே என்று நசிகேதன் மறுத்து, தான் முன்பே கேட்ட கேள்விக்கே விடை கேட்கிறான். அப்படியானால் மூப்புக்கு மருந்து தேடுவதே பற்று, வினைப்பயனோடு வம்பு, சமயத்துக்கு ஆகாது என்று ஒருவர் முடிவு கட்டலாம். அதுவும் தவறு. நசிகேதன் ஆயுளை மறுத்தான், யாருடைய கண்புரையையும் அறுக்காதே என்று சொல்லவில்லை. புரையெடுத்துப் பார்வை பெறும் முதியவரை வினையை மீறியவர் என்று எந்தக் கோயிலும் தள்ளிவைத்ததில்லை. மனிதன் நாடவேண்டிய மூன்றில் உயிரை நாடுவதையே சரகர் முதலில் வைக்கிறார், பொருளும் மறுமையும் அதற்குப் பின்னால்தான். உடம்பை இழுக்கென்று முன்பு எண்ணியிருந்ததாகவும், பின்பு அதற்குள் இறைவனைக் கண்டு அதைப் பேணத் தொடங்கியதாகவும் திருமூலர் சொல்லியிருப்பது நமக்குத் தெரியும். உடம்பைப் பேணு என்கிறார், உடம்பை விடாதே என்று சொல்லவில்லை. முதுமையின் நோயைத் தீர்ப்பது பேணுதல், முதுமையையே ஒழிக்கத் துடிப்பது யயாதி வேலை. இந்தக் கோட்டை எந்த எலியும் கிழித்துத் தராது.

சரகரின் ரசாயனப் பகுதியில் மூலிகைகளுக்கெல்லாம் பிறகு ஒரு வியப்பான திருப்பம் இருக்கிறது. உண்மை பேசுபவன், கோபத்தை வென்றவன், பெரியோரைப் பேணுபவன், கொடுப்பவன் மருந்து உண்ணாமலே ரசாயனத்தின் பயனைப் பெறுகிறான் என்கிறார். ஒழுக்கமே கற்பம். இதை நல்லுரை என்று கடந்துபோவது எளிது. முதுமைக்கு மருந்து தேடும் தொழிலுக்கே இதை விதியாக்கிப் படித்தால் கூர்மை தெரியும். 145 இடங்களில் தரவைப் புனைந்தவரிடம் இல்லாமல் போனது ஆய்வுத் திறன் இல்லை, வாய்மை. தோற்ற சோதனையையும் வெளியிடுவது வாய்மை. நாற்பது பேரிடம் கண்டதை நாற்பது பேரிடம் கண்டதாக மட்டும் சொல்வது வாய்மை. காட்சியளவை தானே நிற்பதில்லை, பொய் சொல்லாத ஒருவர் அதைக் கையில் பிடித்திருக்க வேண்டும். சமயத்துக்கு ஆய்வுக்கூடத்தில் இடம் உண்டென்றால் இங்கேதான். எந்த மூலிகை பலிக்கும் என்று சொல்லும் இடத்தில் இல்லை, பலிக்காததைப் பலிக்கவில்லை என்று சொல்ல வைக்கும் இடத்தில்.

தமிழில் ஆயுள் நீட்டும் செடி என்றதும் நினைவுக்கு வருவது அதியமானின் நெல்லிக்கனி. புறநானூற்றின் 91ஆம் பாட்டில் ஔவையார் அதைப் பாடியிருக்கிறார். எட்டாத மலைப்பிளவில் கிடைத்த அரிய கனியைத் தான் உண்ணாமல் அவருக்குக் கொடுத்தான். அக்கனி உண்மையில் ஆயுளை நீட்டியதா என்று யாரும் சோதிக்கவில்லை, இனிச் சோதிக்கவும் முடியாது. நாமும் அதைக் கேட்பதில்லை. அந்தப் பாட்டில் அளக்கப்படுவது கனி இல்லை, கொடுத்தவன். அதனால்தான் அது இரண்டாயிரம் ஆண்டாக நிற்கிறது. ஆனால் அதே கொடைமனத்தோடு இன்று ஒரு மகன் தன் தாய்க்கு மாத்திரைப் புட்டி வாங்கிப்போகும்போது, அவன் அன்பு மட்டும் போதாது. புட்டிக்குள் இருப்பதும் மெய்யாக இருக்கவேண்டும், அவள் ஈரலுக்கு அன்பு தெரியாது. கொடுக்கும் மனத்தை ஓர் அளவையாலும் கொடுக்கும் பொருளை இன்னோர் அளவையாலும் அளந்தாக வேண்டும். ஔவையாரின் பாட்டு இன்னொன்றையும் குறித்துவைத்திருக்கிறது. கனியின் பயனை அதியமான் அவரிடம் சொல்லவே இல்லை. தனக்குள் அடக்கிக்கொண்டு கொடுத்தான். சொல்லியிருந்தால் அவர் வாங்கியிருப்பாரோ என்னவோ. பயனை மறைத்துக் கனியைக் கொடுத்தவனின் ஊரில், கனியை மறைத்துப் பயனை மட்டும் அட்டையில் அச்சடித்து விற்கிறோம்.